ஆள் குறைந்த மலைச்சாலைகள்: அப்ருட்ஸோவில் சைக்கிள் பயணம்

இத்தாலிய மலைகளில் சைக்கிள் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே போகிறார்கள். பெயர்பெற்ற ஆல்ப்ஸ் கணவாய்கள் அங்கேதான் இருக்கின்றன. கோடையில் மோட்டார் சைக்கிள் இரைச்சலும் சுற்றுலா பஸ்களும் அங்கே ஓயாது. கேரியரில் பையைக் கட்டிக்கொண்டு, ஊர் ஊராகத் தங்கி, நிதானமாக மிதித்துப் போகவேண்டும் என்பது உங்கள் விருப்பமானால் வடக்கை விட்டுவிடுங்கள். ரோமிலிருந்து கிழக்கே திரும்பினால் நூறு கிலோமீட்டருக்குள்ளேயே அப்ருட்ஸோ. அப்பெனைன் மலைத்தொடரின் உச்சியான கோர்னோ கிராந்தே (2,912 மீட்டர்) இந்த மாநிலத்தில்தான் நிற்கிறது. மூன்று தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. காலை முழுக்க ஓட்டினாலும் எதிரே வரும் கார்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சாலைகளும் இருக்கின்றன.

இந்த அமைதிக்கு இரண்டு காரணங்கள். ரோமையும் ஏட்ரியாடிக் கடற்கரையையும் இணைக்கும் ஏ24, ஏ25 விரைவுச்சாலைகள் வந்தபின் லாரியும் காரும் அங்கே போய்விட்டன. பழைய மலைச்சாலைகள் ஊர்க்காரர்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் மிஞ்சின. இரண்டாவது காரணம் வருத்தமானது: ஊர்க்காரர்களே குறைந்துபோனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புத் தேடி கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பெல்ஜியத்துச் சுரங்கங்களுக்கும் போனவர்களின் ஊர் இது. 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத் தீவிபத்தில் 262 பேர் இறந்தார்கள். அவர்களில் இத்தாலியர் 136 பேர், அதில் 60 பேர் அப்ருட்ஸோக்காரர்கள். நீங்கள் கடந்து போகும் கிராமங்களில் பூட்டிய கதவுகள் அதிகம் தென்படுவதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

வரலாறு என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பயணத்தைத் திட்டமிடுவதற்கே இது அடிப்படை. ஆள் குறைந்த ஊரில் கடை ஒன்றுதான் இருக்கும். அதுவும் மதியம் ஒரு மணிக்கு மூடினால் நான்கு மணிக்குமேல்தான் திறக்கும். நீங்கள் வாங்கும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும், ஒரு ராத்திரி வாடகையும் அங்கே இன்னும் விளக்கேற்றி வைத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே உதவும். ஆகவே நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் எல்லாவற்றையும் மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். அவசரத்துக்கு ஒருவேளை உணவு பையில் இருக்கட்டும். மற்றதை வழியில் வாங்குங்கள்.

எப்போது, எப்படி

ஜூன், செப்டம்பர் இரண்டும் நல்ல மாதங்கள். மலைமேல் பனி மே மாதம்வரைகூடக் கிடக்கும். காம்போ இம்பெரத்தோரே பீடபூமிச் சாலையைக் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் ரோம்வாசிகள் குளிர்ச்சி தேடி மலைக்கு வருவார்கள். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுக்க விடுமுறை என்பதால் அந்த வாரத்தில் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது. கோடையில் மதியத்துக்குமேல் இடிமழை வருவதும் சகஜம். மரமே இல்லாத மேட்டுநிலத்தில் மாட்டிக்கொள்ளாமலிருக்க, உயரமான பகுதிகளை மதியத்துக்குள் கடந்துவிடுங்கள்.

ரோமிலிருந்து தெர்னி வழியாக லாக்விலாவுக்கு ரயிலில் போகலாம். சைக்கிள் படம் போட்ட பெட்டியுள்ள ரீஜனல் ரயில்களில் சில யூரோ கூடுதல் டிக்கெட் எடுத்தால் சைக்கிளைக் கழற்றாமலே ஏற்றிக்கொள்ளலாம். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் அபராதம்.

சைக்கிளைப் பொறுத்தவரை கியரில்தான் கவனம் வேண்டும். சுமையோடு ஏறுவதால் முன் பல்சக்கரத்தின் மிகச் சிறியது பின்பக்கத்தின் மிகப் பெரியதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பனியும் உறைபனியும் தின்ற சாலைகளில் விரிசல்கள் உண்டு. இருபது கிலோமீட்டர் தொடர்ந்து இறங்கும் இடங்கள் வருவதால் பிரேக் பேட் ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதைகளிலும், ஊருக்கு வெளியே இருட்டிலும் ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை அணிவது இத்தாலியச் சட்டப்படி கட்டாயம். முன்னும் பின்னும் விளக்கு வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தண்ணீருக்குக் கவலையில்லை. கிராமத்துச் சதுக்கங்களில் குளிர்ந்த ஊற்றுநீர்க் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாபிலே' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

லாக்விலாவிலிருந்து மேட்டுநிலத்துக்கு

புறப்படும் முன் லாக்விலாவில் ஒரு மாலையாவது நடங்கள். 2009 ஏப்ரல் 6 அதிகாலை நிலநடுக்கத்தில் இந்த நகரமும் சுற்றுக் கிராமங்களும் இடிந்தன. 309 பேர் இறந்தார்கள். கட்டி முடித்த அரண்மனைகளும் சாரம் கட்டிய வீடுகளும் நெடுநாள் பக்கம் பக்கமாக நின்ற ஊர் இது. 2026-ஆம் ஆண்டுக்கான இத்தாலியப் பண்பாட்டுத் தலைநகரமாக இதைத் தேர்ந்தெடுத்தபோது ஊர்க்காரர்கள் கொண்டாடியது அதனால்தான்.

மறுநாள் காலை அஸ்ஸெர்ஜி, ஃபோந்தே செர்ரேத்தோ வழியாக ஏற்றம் தொடங்குகிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஆனால் செங்குத்து அல்ல, நீளம். சீராக மிதித்தால் சுமையோடும் ஏறிவிடலாம். உங்கள் காலடியில் இந்த மலையைக் குடைந்து விரைவுச்சாலையின் பத்துக் கிலோமீட்டர் சுரங்கம் போகிறது. அதை ஒட்டி, 1,400 மீட்டர் பாறைக்குக் கீழே, நியூட்ரினோ போன்ற நுண்துகள்களை ஆராயும் கிரான் சாஸ்ஸோ ஆய்வுக்கூடம் இருக்கிறது. மேலே ஆட்டு மணியோசை மட்டுந்தான்.

ஏறி முடித்ததும் ஒரு பிரிவு. இடப்பக்கச் சாலை 2,130 மீட்டரில் இருக்கும் பழைய ஹோட்டலுக்குப் போகிறது. 1943-இல் முசோலினியைச் சிறைவைத்ததும், செப்டம்பர் 12 அன்று ஜெர்மன் படையினர் கிளைடர்களில் வந்து இறங்கி மீட்டுப்போனதும் அங்கேதான். ஜீரோ தி இத்தாலியா பந்தயமும் அங்கே பலமுறை முடிந்திருக்கிறது. 1999-இல் மார்கோ பந்தானி வென்றார். பந்தய ரசிகர் என்றால் போய் வாருங்கள். இல்லையென்றால் அந்த உழைப்பை மிச்சம்பிடித்து வலப்பக்கம் திரும்புங்கள். வண்டிகளில் பெரும்பாலானவை ஹோட்டலுக்குப் போகின்றன; வெறுமை வலப்பக்கத்தில்தான் இருக்கிறது.

அந்த வெறுமைதான் காம்போ இம்பெரத்தோரே. இருபது கிலோமீட்டருக்கும் நீளமான புல்வெளி. ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர். மறுபக்கம் மொட்டைக் குன்றுகள். மின்கம்பமோ வீடோ வேலியோ பெரும்பாலும் கண்ணில் படாது. சாலை மட்டும் கறுப்பாக நீண்டு போய்க்கொண்டிருக்கும். இத்தாலியர்கள் இதைக் 'குட்டி திபெத்' என்பார்கள். தூரத்தைக் கணிக்க எதுவும் இல்லாததால் பக்கத்தில் தெரியும் குன்று ஒரு மணி நேரம் ஆகியும் அப்படியே நிற்கும். எதிர்க்காற்று அடித்தால் சமதளத்திலும் சின்ன கியருக்கு இறங்கிவிடுவீர்கள். அதற்கான நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

இங்கே உங்கள் முழுக் கவனமும் தேவைப்படுவது நாய்களிடம்தான். வெள்ளை நிறத்தில், அடர்ந்த முடியோடு, நாற்பது கிலோ எடையில் இருக்கும் மரெம்மா-அப்ருட்ஸோ காவல் நாய்கள் மந்தையை ஓநாயிடமிருந்து காக்கப் பழகியவை. சிலவற்றின் கழுத்தில் வெளிநோக்கி நீட்டிய இரும்பு முட்கள் கொண்ட பட்டை இருக்கும். பாயும் ஓநாய் முதலில் கவ்வுவது கழுத்தை என்பதால் இந்த ஏற்பாடு. வேகமாக நெருங்கும் சைக்கிள் அவற்றுக்கு எதிரியாகத்தான் தெரியும். தூரத்தில் மந்தையைக் கண்டதுமே வேகத்தைக் குறையுங்கள். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் இறங்கிவிடுங்கள். சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்து, கண்ணுக்குக் கண் பார்க்காமல், சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே நடந்து கடந்து போங்கள். கல்லெடுக்காதீர்கள், மிதித்துத் தப்பிக்க நினைக்காதீர்கள். வந்திருப்பது மனிதர்தான் என்று புரிந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். மந்தைக்கு ஊடே புகுந்து மட்டும் போகக் கூடாது. மேய்ப்பர் இருந்தால் 'புவோன்ஜோர்னோ' என்று உரக்க வணக்கம் சொல்லுங்கள். இன்று அவர்களில் பலர் மேசிடோனியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்தவர்கள். இந்த ஊர் இளைஞர்கள் வெளிநாட்டுக்குப் போன இடத்தை அவர்கள் நிரப்புகிறார்கள்.

பீடபூமியின் கிழக்குக் கோடியில் ஃபோந்தே வேத்திக்கா. புல்வெளியின் நடுவே இறைச்சிக்கடை, வெளியே மரமேசைகள், நீளமான ஒடுங்கிய தொட்டிகளில் கனல். கடைக்குள் போய் 'அர்ரொஸ்திசீனி' என்று கேட்டு எத்தனை குச்சி வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிறு சதுரங்களாக நறுக்கிய ஆட்டுக்கறி பச்சையாகக் குச்சியில் கோத்துக் கிடைக்கும். தொட்டியின் அகலம் அளவெடுத்தாற்போல் இருப்பதால் கறி கனலுக்கு மேலேயும் குச்சியின் நுனி வெளியேயும் நிற்கும். நீங்களே திருப்பித் திருப்பிச் சுட்டுக்கொள்ள வேண்டியதுதான். உப்பைக் கடைசியில் தூவுவார்கள். ஒருவர் பத்து, பதினைந்து குச்சி சாப்பிடுவது இங்கே சாதாரணம். சைவர்களுக்கு ரொட்டியும் ஆட்டுப்பால் பெக்கொரீனோவும் உண்டு. ஊருக்குள் போனால் இன்னும் நன்றாகச் சாப்பிடலாம்.

இரவுக்கு இரண்டு ஊர்கள். பீடபூமியின் பாதியிலேயே இறங்கினால் சாந்தோ ஸ்தேஃபனோ தி செஸ்ஸானியோ, 1,251 மீட்டர். 1579-இலிருந்து ஃபுளாரன்ஸின் மெதிச்சி குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த ஊர். இங்குள்ள கறுப்பு ஆட்டுக் கம்பளி அவர்களுக்குத் தேவைப்பட்டது. இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். இங்கே விளையும் சின்னஞ்சிறு கரும்பழுப்பு மைசூர்ப்பருப்பு வகை இத்தாலி முழுக்கப் பேர்பெற்றது. தோலோடு, ஊறவைக்காமல் வேகவைத்து, ஆலிவ் எண்ணெயும் பூண்டும் சேர்த்து சூப்பாகத் தருவார்கள். சிலர் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதால் சைவர்கள் 'சென்சா கார்னே' என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இறைச்சியில்லாத இன்னொரு நல்ல உணவு, தக்காளிக் குழம்பில் வேகவைத்த பாலாடைக்கட்டி-முட்டை உருண்டைகள். 'பல்லோத்தே' என்று கேளுங்கள்.

ஃபோந்தே வேத்திக்கா வரை போனவர்களுக்கு அடுத்த ஊர் காஸ்தெல் தெல் மோந்தே. இரண்டு ஊர்களுக்கும் நடுவில் கலாஷோ கிராமத்துக்கு மேலே, 1,460 மீட்டரில், ரோக்கா கலாஷோ கோட்டை. 1985-இல் வந்த 'லேடிஹாக்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் நான்கு வட்டக் கோபுரங்கள் நினைவிருக்கும். கடைசித் துண்டை நடந்தே ஏறுங்கள். விடிந்ததும் போய்விட்டால் கோட்டை உங்களுக்கு மட்டும்.

இறங்கும் நாள்

காஸ்தெல் தெல் மோந்தேயிலிருந்து ஒஃபேனாவுக்கு இறங்கும் சாலை சுமார் எண்ணூறு மீட்டர் உயரத்தை இழக்கிறது. புல்வெளி முடிந்து ஓக் காடு, அது முடிந்து திராட்சை, ஆலிவ், பாதாம் என்று ஒரே மணி நேரத்தில் நிலம் மாறிவிடும். மேலே ஜாக்கெட் போட்டு இறங்கினால் கீழே வியர்க்கும். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைத் தொடர்ந்து பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கப்பெஸ்திரானோவைத் தாண்டியதும் தீரினோ ஆறு. ஊற்றிலிருந்து வருவதால் கோடையிலும் கண்ணாடித் தெளிவு. கரையில் தனியாக நிற்கும் சான் பியேத்ரோ கோயிலின் முகப்பில் ஒரு கல்லைத் தேடுங்கள்: ஐந்தைந்து எழுத்தாக ஐந்து வரி, எப்படிப் படித்தாலும் அதே லத்தீன் சொற்கள். தலைகீழாகப் பதித்திருக்கிறார்கள். அங்கிருந்து போபொலி, கோர்ஃபீனியோ வழியாகச் சுல்மோனாவரை பள்ளத்தாக்குச் சமவெளி. இந்தப் பகுதியில் மட்டும் வண்டிகள் உண்டு. காலையில் சீக்கிரம் கடந்துவிடுங்கள்.

சுல்மோனா கவிஞர் ஓவிட் பிறந்த ஊர். கடைத்தெருவுக்கும் அவர் பெயர்தான். கடை வாசல்களில் வண்ணக் காகிதப் பூச்செண்டுகள் மாதிரித் தெரிபவை உண்மையில் மிட்டாய். சர்க்கரை பூசிய பாதாமை ஒவ்வொன்றாக வண்ணத் தாளில் சுற்றி, கம்பியில் கட்டி, இதழ் இதழாக விரித்திருப்பார்கள். கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் இத்தாலியர்கள் கொடுக்கும் 'கொன்ஃபெத்தி' இதுதான். தாளில் சுற்றாத வெள்ளைப் பாதாம் கால் கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உருகாது, கசியாது; நாளை ஏற்றத்துக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

பள்ளத்தாக்கும் கரடி நாடும்

எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எந்தச் சாலை என்று யாராவது கேட்டால் சுல்மோனா–ஸ்கான்னோ என்பேன். சுமார் முப்பது கிலோமீட்டர். அன்வெர்சாவில் சஜித்தாரியோ ஆறு மலையை அறுத்துக்கொண்டு வரும் இடுக்கில் சாலையும் நுழைகிறது. பாறையைக் குடைந்து போட்ட சாலை. ஒரு பக்கம் தலைக்குமேல் கவிந்த பாறை, மறுபக்கம் இடுப்பளவு கல்சுவர், அதற்குக் கீழே ஆற்றின் சத்தம் மட்டும். சின்னச் சின்ன சுரங்கங்கள் வருவதால் விளக்கை அணைக்கவே வேண்டாம். வளைவுகளில் மணி அடியுங்கள். எதிரே வருகிறவருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். தலைக்குமேல் பாறை முதுகில் ஒட்டியிருக்கும் கிராமம் காஸ்திரோவால்வா. டச்சு ஓவியர் எஷெர் இந்தக் காட்சியை 1930-இல் கல்லச்சுப் படமாக்கினார். கால் வலுவிருந்தால் அந்தக் கிளைச்சாலையிலும் ஏறிப் பாருங்கள். படத்தில் அவர் மிகைப்படுத்தவில்லை என்பது புரியும்.

மே 1 வாக்கில் வருகிறவர்கள் பக்கத்திலுள்ள கோக்குல்லோவுக்கும் போகலாம். புனித தோமினிக்கோ சிலையின்மேல் உயிருள்ள பாம்புகளைப் படரவிட்டு ஊர்வலம் எடுக்கும் திருவிழா. விஷமில்லாத பாம்புகள்தான். பிடித்துவந்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். அன்று சாலை முழுக்கக் கூட்டம் என்பதால் கோக்குல்லோவுக்கு ரயிலே நல்லது.

ஸ்கான்னோ ஆயிரம் மீட்டர் உயரத்தில் படிக்கட்டுச் சந்துகளாலான ஊர். 1951-இல் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் இங்கே படமெடுத்தார். சில ஆண்டுகளில் மாரியோ ஜாக்கொமெல்லியும் வந்தார். கறுப்பு உடைப் பெண்களும் வெள்ளைச் சுவர்களும் உள்ள அந்தப் படங்களால்தான் உலகத்துக்கு இந்த ஊர் தெரிந்தது. சந்துகளில் யாரைப் படமெடுப்பதாக இருந்தாலும் முதலில் கேளுங்கள். எழுபது ஆண்டாக லென்ஸைப் பார்த்துச் சலித்துப்போன ஊர் அது.

அடுத்த நாள் பாஸ்ஸோ கோதி கணவாய், 1,630 மீட்டர். ஸ்கான்னோவில் ஒரு நல்ல காலை உணவு முடித்துப் புறப்பட்டால் மேலே காப்பிக்குப் போய்ச் சேரலாம். மறுபக்கம் பீச் மரக்காடு வழியாக வில்லெத்தா பர்ரேயாவுக்கு இறக்கம். இப்போது நீங்கள் இருப்பது ஒரு நூற்றாண்டைக் கடந்த அப்ருட்ஸோ தேசியப் பூங்காவில். மார்சிக்கா பழுப்புக் கரடி உலகிலேயே இந்த மலைகளில்தான் வாழ்கிறது. மொத்தம் அறுபது அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. அடுமனைக்குள் புகுந்து பிஸ்கட் தின்று பிரபலமான ஹுவான் கர்ரீத்தோ என்ற இளம் கரடி 2023 ஜனவரியில் சாலையைக் கடக்கும்போது காரில் அடிபட்டு இறந்தது. இந்தச் சாலைகளில் மெதுவாகப் போகிற வாகனம் சைக்கிள்தான் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஆனாலும் பொழுது சாயும் நேரத்தில் இறக்கங்களில் வேகம் வேண்டாம். வில்லெத்தா பர்ரேயாவின் தெருக்களிலேயே மான்கள் நடமாடும். அவற்றுக்குத் தின்னக் கொடுக்காதீர்கள். உணவுப்பையை இரவில் வெளியே விட்டுவைக்காதீர்கள்.

ஊருக்கு அருகே கமொஷாரா என்ற பள்ளத்தாக்கு உண்டு. வாசலிலேயே கார்களை நிறுத்திவிட வேண்டும். அதற்கப்பால் சுமார் மூன்று கிலோமீட்டர் தார்ச்சாலை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். பையை அறையில் வைத்துவிட்டு மாலையில் போங்கள்.

பிறகு ஓப்பி வழியாகப் பெஸ்கஸ்ஸெரொலி. அங்கிருந்து கடைசி ஏற்றமான பாஸ்ஸோ தெல் தியாவோலோ, 1,400 மீட்டர். பெயரில் பேய் இருந்தாலும் ஏற்றம் எளிது. ஜோயா வெக்கியோவைத் தாண்டியதும் ஃபூச்சினோ சமவெளி முழுதாகக் கீழே விரியும். 1870-கள் வரை அது இத்தாலியின் பெரிய ஏரிகளில் ஒன்று, வடித்து வயலாக்கினார்கள். நேர்கோட்டுச் சாலைகளில் காய்கறி லாரிகள் ஓடுவதால் சமவெளியைக் குறுக்கே கடக்க வேண்டாம். ஓரமாகவே பெஷீனாவுக்கு வந்துவிடுங்கள். 'ஃபொந்தமாரா' நாவல் எழுதிய இன்யாட்ஸியோ சிலோனே பிறந்ததும் அடக்கமானதும் இங்கேதான். இந்தப் பகுதியின் நிலமில்லாத விவசாயிகளின் கதையைத்தான் அவர் எழுதினார். பழைய மணிக்கூண்டின் அடியில் இருக்கும் அவரது கல்லறைக்குப் போய்விட்டு ரயில் நிலையத்துக்கு வரலாம்.

பெஷீனா, ரோம்–பெஸ்காரா பாதையில் இருக்கிறது. மேற்கே போகும் ரீஜனல் ரயில் ரோமில் விடும். கையில் இன்னும் இரண்டு நாள் இருந்தால் கிழக்கே பெஸ்காராவுக்கு ஏறுங்கள். அங்கிருந்து தெற்கே ஒர்த்தோனா முதல் வாஸ்தோ பக்கம் வரை, கைவிட்ட பழைய ரயில்பாதையைக் கடலோரச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். சுமார் நாற்பது கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். வார இறுதியில் நெரிசல் என்பதால் திங்கள் முதல் வியாழனுக்குள் போவதுபோல் டிக்கெட் எடுங்கள்.